மாட்டுக்காரனின் மூன்று படங்கள்

ஜூன் 3, செவ்வாய்

விடியலில் இருந்து மழை. ட்ரெயின் பிந்தியது. எல்லர்ஸ்லியில் இறங்கி ஒஃபிசுக்கு நடப்பதற்குள் சப்பாத்துக்குள் தண்ணீர். நாள் முழுக்க ஈரச் சொக்ஸ்.

புது வேலை வந்திருக்கிறது. மரப்பெட்டி மரப்பெட்டியாகக் கண்ணாடி நெகட்டிவ். யாரோ பாதிரியார், இந்த ஊரில் பிறந்தவர், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் சூடானுக்குப் போய் மாடு மேய்க்கிற சனத்துக்கு வேதம் சொன்னவராம். வேதம் சொன்ன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படம் எடுத்திருக்கிறார். பேத்தி மார்கரெட் கொண்டுவந்து இறக்கினாள். கிழவி, முத்துமாலை, வாய் ஓயாது. எல்லாவற்றையும் துடைத்து ஸ்கான் பண்ணிக் கொடுக்க வேண்டும். கவிதாவும் நானும்.

சூடான் என்றதும் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே கிழமையில் இரண்டு சூடான். முருகா, உனக்கு விளையாட வேறு ஆள் கிடைக்கவில்லையா.

மற்றச் சூடான், ஞாயிறு என் மகள் ஆரணி சொன்னது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டால் இல்லாமல் போய்விடுமா. பெடியனின் பெயர் டெங். எலெக்ட்ரிஷியன். தகப்பன் இல்லை, தாய் மட்டும், ஒடாஹுஹுவில் வீடு. தெற்கு சூடான், டிங்காச் சனம். கல்யாணம் கட்டப் போகிறாளாம். கேட்கவில்லை, அறிவித்தாள், பஸ் வருகிற நேரம் சொல்வது போல. இருப்பது ஒரே பிள்ளை. படிப்பித்து பார்மசிஸ்ட் ஆக்கி வைத்திருக்கிறேன்.

சனம் என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மழை இல்லை. குளிர். இந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம், ஒஃபிஸ் ஹீட்டர் சத்தம் மட்டும் போடுகிறது, சூடு இல்லை.

கண்ணாடி வேலை மெதுவான வேலை. கையுறை. மினுங்காத பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அதில் விரல் படக் கூடாது. தூசியை ஊதி, லைட் மேசையில் வைத்துப் பார்த்து, பிறகு ஸ்கான். கழுத்து பிடித்துவிட்டது. சித்தாலேப தைலம் வாங்க வேண்டும்.

படங்கள்: மாடு. மாடு. மாட்டோடு ஆள். ஆட்கள் மேல் ஒரு துண்டுத் துணி இல்லை. உடம்பெல்லாம் சாம்பல், நெற்றியில் கீறிய கோடுகள், கையில் ஈட்டி. சில படங்களில் பாதிரியாரும் நடுவில் நிற்கிறார், தொப்பி, பொத்தான் எல்லாம் பூட்டி. அந்த வெயிலில்.

நெகட்டிவில் நிறம் தலைகீழ். சூடான்காரர் வெள்ளை, பாதிரியார் கறுப்பு. கவிதாவிடம் சொன்னேன், "இப்பிடியே கல்யாணக் கார்டில போட்டா சனம் வாயை மூடும்." கவிதாவுக்கு விளங்கவில்லை. திருச்சிக்காரி, நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம். "யாருக்குக்கா கல்யாணம்?" "ஒருத்தருக்கும் இல்லை. வேலையைப் பார்."

வீட்டுக்கு வரும் வழியில் பால், முட்டை. தேங்காய்ப்பால் விலை ஏறிவிட்டது.

ஜூன் 7, சனி

சண்டை.

ஆரணி காலையில் சொன்னாள், நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிறு டெங்கும் தாயும் சாப்பிட வருகினமாம். தானே கூப்பிட்டுவிட்டாளாம். நான் கத்தினேன். அவள் இங்கிலிஷில் கத்தினாள். அவளுக்கு இங்கிலிஷில் கோபம் வரும், எனக்குத் தமிழில், இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டாமல் போகும்.

"எங்கட சனத்தில ஒருத்தரும் அம்பிடேல்லையோ உனக்கு?"

"நான் தேடேல்லை, அம்மா. ஐ மெட் ஹிம்."

இவர் எயார்போர்ட் ஷிப்ட் முடிந்து வந்தவர், சப்பாத்துக் கூடக் கழற்றவில்லை. என் பக்கம் கதைப்பார் என்று பார்த்தேன். "பெடியன் குடிக்கிறானோ?" என்று கேட்டார். இல்லை என்றாள். "வேலைக்குப் போறானோ?" ஓம் என்றாள். "பேந்தென்ன" என்றார்.

பேந்தென்னவாம்! நான் சொன்னேன், பேரப்பிள்ளை பிறந்தால் என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசித்தீங்களோ. சொல்லியிருக்கக் கூடாது. இவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே, மகளுக்கு முன்னாலேயே சொன்னார், "உம்மையும் கறுப்பெண்டு ரெண்டு இடத்தில வேண்டாமெண்டவை. மறந்திட்டீரோ?"

மறப்பேனா. கோண்டாவிலில் இருந்து பெண் பார்க்க வந்தவர்கள் என்னை ரியூப் லைட்டுக்குக் கீழே நிற்க வைத்துப் பார்த்தார்கள். வாய்ப்பன் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் போனார்கள். பிறகு அப்பா வீட்டையும் எழுதி, நகையும் போட்டுத்தான் இவருக்குத் தள்ளினார். அதை இவர் என் மகளுக்கு முன்னால் சொல்கிறார்.

மதியம் சமைக்கவில்லை. பாணைத் தின்னட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. ஒஃபிஸ் வாசலில் குடைகள் முறிந்து கிடந்தன.

இன்று மூன்று கண்ணாடி. மூன்றும் ஒரே ஆள். நெற்றிக் கோடுகளை வைத்துக் கண்டுபிடித்தேன்.

ஒன்று. ஆள் அம்மணமாக, சாம்பல் பூசி, பக்கத்தில் பெரிய எருது. எருதுக்கு ஒரு கொம்பு முன்னால் முகத்துக்குக் குறுக்கே வளைந்து, மற்றது மேலே. கொம்பு நுனியில் குஞ்சம். ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றை மடக்கி ஒன்றை நீட்டி, சிரிக்கிறான். ஏன் அப்படி நிற்கிறான் என்று தெரியவில்லை.

இரண்டு. அதே எருது நிலத்தில், கழுத்து வெட்டி. பின்னால் பானைகள், பாதிரியாரின் மனைவி, தொப்பி. ஆள் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறான். கயிற்றின் மறுமுனை இன்னும் செத்த மாட்டில்.

மூன்று. ஆள் சேர்ட், காற்சட்டை. கழுத்து வரை பொத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருக்கிறான்.

மார்கரெட் பார்க்க வந்திருந்தாள். பிஸ்கட் கடித்துக்கொண்டு விளக்கினாள். அந்தச் சனத்தில் ஒவ்வொரு வாலிபனுக்கும் ஒரு எருது. அதன் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பாட்டுக் கட்டிப் பாடுவான். அதைத் தின்பதற்கு என்று அவன் வெட்டவே மாட்டான். தாத்தா சொன்னாராம், கிறிஸ்துவா எருதா, ஒன்றைத் தெரிவு செய் என்று. நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, அவன் கையாலேயே வெட்ட வைத்து, ஊருக்கெல்லாம் விருந்து. தாய் செத்தவன் மாதிரி அழுதானாம். தாத்தா இங்கே திரும்பி வந்து தேவாலயம் தேவாலயமாக மூன்று படத்தையும் வரிசையாகக் காட்டுவாராம். சனம் கை தட்டுமாம். "அவருக்கு அது பெரிய வெற்றி," என்றாள். பிஸ்கட் தூள் மேசையெல்லாம். நான் துடைத்தேன்.

எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. கொஞ்ச நேரம்.

பிறகு ஸ்கான் பண்ணி நிறம் திருப்பின மூன்றையும் ஸ்க்ரீனில் இருந்து போனில் எடுத்தேன். கவிதா கண்டுவிட்டாள். "அக்கா, கஸ்டமர் படத்த போன்ல எடுக்கக் கூடாதுக்கா. தெரிஞ்சா வேலை போயிடும்."

"பொத்து வாயை. ஒருத்தருக்கும் சொல்லாதை."

ஞாயிறு விருந்தில் முதல் படத்தைக் காட்டப் போகிறேன். தாய்க்காரிக்கு முன்னால், இவருக்கு முன்னால், ஆரணிக்கு முன்னால். உங்கட ஆக்கள்தானே என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே கேட்பேன். வெட்கத்தில் தாங்களாகவே எழும்பிப் போகட்டும். கல்யாணக் கதை அன்றோடு சரி. நான் ஒரு வார்த்தை பிழையாகச் சொன்னேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. படம்தானே காட்டினேன்.

இன்றுதான் நல்ல நித்திரை வரும்.

ஜூன் 14, சனி

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

வாங்கியது: ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், கறிவேப்பிலை (கொள்ளை விலை), நல்ல கோப்பைகள் மேல் தட்டில் இருந்து இறக்கியாயிற்று. மரியாதையில் ஒரு குறை வைக்கக் கூடாது.

ஆரணி சந்தோஷத்தில் வெங்காயம் உரித்துத் தந்தாள். சின்னப் பிள்ளையில் செய்தது போல என் தோளில் நாடியை வைத்து, "அம்மா, தாங்க்ஸ்," என்றாள். நான் கறியைக் கிளறினேன்.

ஜூன் 15, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

நேரத்துக்கு வந்தார்கள். தாயின் பெயர் அச்சோல். நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள். சிவப்பில் பூப்போட்ட உடுப்பு, ஒரு தோளில் முடிந்த துணி. கேக் பெட்டி. இங்கிலிஷ் என்னுடையதை விட நல்லது. முதியோர் இல்லத்தில் நேர்ஸாம். நான் காப்பகத்துக்குப் போகிற வயதில் இவளே வந்து துடைப்பாள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, அடக்கினேன். பெடியன் அதை விட நெட்டை. சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தான். ஆரணி அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில் தன் செருப்பை நகர்த்தி வைத்தாள். கண்டேன்.

மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் சமைப்பதில்லை, குறை நினைக்காதீர்கள் என்றேன், குத்தலாகத்தான். அச்சோல் சொன்னாள், "எங்களுக்கும் மாடு சாப்பாடு இல்லை. மாடு சொந்தம்."

இவருக்கு உடனே வாய் திறந்துவிட்டது. எங்கள் சிவனுக்கும் மாடுதான் வாகனம், அவரும் உடம்பெல்லாம் சாம்பல் பூசுகிறவர் என்று தொடங்கினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். உண்மையாகவா, சாம்பலா, மாட்டுச் சாணத்தை எரித்த சாம்பலா என்று. ஓம் ஓம் என்று இவர் எழும்பிப் போய்ச் சாமித்தட்டில் இருந்து திருநீற்றுப் பேணியையே கொண்டுவந்துவிட்டார். அவள் விரலால் தொட்டு மணந்தாள். "இது எங்கள் மணம்," என்றாள். சாமித்தட்டுப் பேணி! கைகூடக் கழுவவில்லை அவள்.

பிறகு கல்யாணக் கதை. அதை அவள்தான் எடுத்தாள். தங்கள் முறையில் பெண் கேட்டால் மாடு கொடுக்க வேண்டும், தன் அண்ணன் ஊரில் இருக்கிறான், அவன் எண்ணி வைத்திருக்கிறான், இங்கே மாட்டை ஓட்டிக்கொண்டு வர முடியாது, ஆனால் வெறுங்கையோடு வந்து உங்கள் பெண்ணைக் கூட்டிப் போக மாட்டோம் என்றாள். "மாடு கொடுக்காமல் ஒரு பெண்ணை எடுத்தால் அவளுக்கு ஆளில்லை என்று அர்த்தம். உங்கள் மகளுக்கு ஆள் இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரிய வேண்டும்."

ஆரணி என்னைப் பார்த்தாள், பார்த்தீங்களோ என்பது போல. இவர் சிரித்தார், "எங்கட ஆக்கள் மறுவளமெல்லோ. பொம்பிளைக்கு நாங்கள்தான் குடுத்துத் தள்ளுறது." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு உச்சியில் ஏறியது. எனக்குக் கொடுத்துத் தள்ளினார்கள். என் மகளுக்கு இவர்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். பிச்சைக்காரி போல உட்கார்ந்திருந்தேன் என் மேசையில்.

போனை எடுத்தேன். முதல் படம். "என்ர வேலையில வந்தது. உங்கட ஆக்கள்தானே?" என்றேன். சிரித்துக்கொண்டுதான்.

அச்சோல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். ஆரணி எட்டிப் பார்த்து முகம் சிவந்தாள், "அம்மா..." என்றாள். அச்சோலுக்கு ஒன்றும் சிவக்கவில்லை. அம்மணம் அவள் கண்ணில் படவேயில்லை. "ஐயோ, இந்த எருதைப் பார்," என்றாள் மகனிடம். அவள் அப்படித்தான் சொன்னாள், ஐயோ மாதிரி ஒரு சத்தம், நெஞ்சில் கை வைத்து. இந்தப் புள்ளிக்குத் தனிப் பெயர் இருக்கிறதாம். இந்தக் கொம்பு தானாக வளையவில்லை, கன்றாக இருக்கும்போதே வெட்டி வெட்டி வளர்த்ததாம். "இவன் கையைப் பார். ஒன்று மடக்கி, ஒன்று நிமிர்த்தி. அவன் தன் எருதாக நிற்கிறான்." டெங் இப்படி ஒரு படம் பார்த்ததில்லையாம். வீட்டில் ஒரு படமும் இல்லை, சண்டையில் ஓடி வந்தவர்கள். இவர் கதிரையை இழுத்துக்கொண்டு போனார். நாலு தலையும் என் போனுக்கு மேலே ஒன்றாக. டெங் இரண்டு கையையும் தூக்கி அந்த ஆளைப் போலப் பிடித்துப் பார்த்தான், மின்விளக்கு இடித்தது, எல்லாரும் சிரித்தார்கள். இவரும் தூக்கினார். ஆரணியும் தூக்கினாள்.

என் வீடு. என் மேசை. நான் வெளியே.

அப்போதுதான் அடுத்ததைக் காட்டுவது என்று நினைத்தேன். நினைத்துத்தான் செய்தேன். அம்மணம் நோகவில்லை. எது நோகும் என்று எனக்குத் தெரியும், மார்கரெட் சொல்லித் தந்துவிட்டாள்.

"இன்னும் இருக்கு," என்று போனை வாங்கி, விரலால் தள்ளி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

சிரிப்பு நின்றது. ஒருவர் ஒருவராக நின்றது. டெங் கையை இறக்கினான்.

நான் சொன்னேன், பாதிரியார் வெட்ட வைத்தாராம், அவன் கையாலேயே. நத்தார் விருந்துக்கு. தாய் செத்தவன் மாதிரி அழுதானாம்.

அவள் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. கண்ணாடிக்குள் கண் நிறைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றையும் தவற விடவில்லை.

"பிறகு?" என்று கேட்டாள். "அவனுக்கு என்ன நடந்தது?"

மூன்றாவது படத்தைத் தள்ளிக் காட்டினேன். "சேர்ட் குடுத்தவை," என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள், நெடுநேரம். எழும்பிப் போய்க் குசினியில் கை கழுவினாள். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னாள், எனக்கும் இவருக்கும் தனித்தனியாக. வாசலில் குனிந்து போனாள்.

ஆரணி அவர்களோடு போய்விட்டாள். கோட் கூட எடுக்கவில்லை.

இவர் எழும்பினார். திருநீற்றுப் பேணியைக் கொண்டுபோய்த் திரும்ப வைத்தார். கேக்கை நான் குப்பையில் போட்டேன். நல்ல கேக்தான்.

ஜூன் 17, செவ்வாய்

தூறல்.

டெங்கிடம் இருந்து மெசேஜ். மரியாதையாக. முதல் படத்தை மட்டும், எருது உயிரோடு நிற்கிறதை மட்டும், அம்மாவுக்காக அனுப்ப முடியுமா என்று. அம்மா அதை மட்டும் மனதில் வைத்திருக்க விரும்புகிறாவாம்.

பதில் எழுதினேன்: மன்னிக்கவும், படங்கள் கஸ்டமருடைய சொத்து, வெளியாருக்குக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. பிறகு போனில் இருந்து மூன்றையும் அழித்தேன். கவிதா சொன்னதும் சரிதானே, வேலை போய்விடும்.

பாண், பருப்பு, இவரின் பிரஷர் குளிசை.

ஜூன் 20, வெள்ளி

மட்டாரிகி லீவு, இந்த நாட்டுப் பழங்குடிச் சனத்தின் புது வருசம். மப்பு வானம்.

ஆரணி பின்னேரம் வந்தாள். பையோடு. கண் வீங்கி. வந்து சோபாவில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள், என்னிடம் இல்லை, இவரிடம். நான் குசினிக்குள் இருந்து கேட்டேன். கல்யாணம் இல்லை. டெங் வேண்டாம் என்றுவிட்டான். அம்மாவை இந்த வீட்டு வாசலுக்கு இன்னொரு தரம் கூட்டி வர மாட்டானாம், அம்மா இல்லாமல் கல்யாணமும் கட்ட மாட்டானாம். அவனும் அழுதானாம்.

முருகா! உனக்கு நூற்றெட்டுத் தேங்காய். சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க, பாத்திரம் கழுவுவது போலத் தண்ணீரைத் திறந்து விட்டேன்.

கொஞ்ச நேரத்தில்தான் உறைத்தது. வேண்டாம் என்றது அவர்கள். நாங்கள் இல்லை. மாடு மேய்த்த சனம் என் வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்றிருக்கிறது. கோண்டாவில்காரராவது கறுப்பு என்று ஒரு காரணம் சொன்னார்கள்.

குசினி வாசலுக்கு வந்து கேட்டேன், "நான் என்ன செய்தனான்? படம்தானே காட்டினனான்?"

ஆரணி திரும்பினாள். இங்கிலிஷில்தான் சொன்னாள், மெதுவாக, மருந்துக் கடையில் கிழடுகளுக்குச் சொல்வது போல. அந்தப் படத்துக்காக அவ எழும்பேல்லை. அதைப் போல எவ்வளவோ அவ நேரில் பார்த்திருக்கிறாவாம். தான் அழுகிற முகத்தை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீங்கள் என்பதைத்தான் பார்த்தவவாம். அவ மகனிடம் சொன்னது ஒன்றுதான்: 'அந்த மனுசி ஒரு தரமும் படத்தைப் பார்க்கவில்லை.'

இவர் ரீவியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார்.

போகட்டும். காயம் ஆறும். சின்னப் பிள்ளை. லண்டனில் என் மச்சாளின் பக்கத்தில் ஒரு டொக்டர் பெடியன் இருக்கிறான், உயரம் குறைவு, பரவாயில்லை. ஆறு மாதம் போகட்டும்.

ஜூன் 21, சனி

நல்ல வெயில். உடுப்புக் காயப் போட்டேன், வெளியே.

மதியம் ஆரணிக்குப் பிடித்ததெல்லாம் செய்தேன். இடியப்பம், சொதி, சம்பல், றால் பொரியல். கூப்பிடாமலே வந்து மேசையில் இருந்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பார்த்தீரா, பசி வந்தால் எல்லாம் சரியாகும் என்று இவரிடம் கண்ணால் சொன்னேன். நானே பரிமாறினேன். சொதி இன்னும் வேணுமோ என்றேன். தலையாட்டினாள். சாப்பிட்டாள், முழுவதும். கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தாள். ஒரு கோபமும் இல்லை முகத்தில், நல்ல மரியாதை.

"தாங்க்ஸ், ஆன்ட்டி. சாப்பாடு நல்லா இருந்திச்சு," என்றாள்.

வாய் தவறிவிட்டது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "அப்பா, நான் வேலைக்குப் போட்டு வாறன்," என்றாள். சப்பாத்தைக் கட்டி நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள், கோயிலில் தெரிந்தவர்களுக்குத் தலையசைப்பது போல.

"பாய், ஆன்ட்டி."